மலையும் தபாலட்டையும்

சிறுவராயிருந்த காலத்தில் கௌபோய்ப் படங்களென்றால் எமக்கு உயிர். நகரத்துப் படமாளிகைக்கு அத்தகைய படமொன்று வந்துவிட்டதெனக் கேள்விப்பட்டால், பள்ளிப் புத்தகங்களை வீட்டில் எறிந்துவிட்டு, ஒரு துவிச்சக்கரவண்டியில் இருவராக ஏறி ஓடிவிடுவோம். குதிரையும் துப்பாக்கியும் அகன்ற விளிம்புத் தொப்பியும் எம் கண்களை நிறைத்தன. ஆங்கிலம் அரைகுறையாகவே விளங்கிற்று. ஆயினும், நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதை அறிய ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. அந்த வீரர்களுக்குப் பின்னால் ஓயாது விரிந்துகிடந்த மலைகளையும் வெளிகளையும் நாம் பார்த்தோமேயன்றிக் கவனித்தோமில்லை. நாடக மேடையில் தொங்கும் திரைச்சீலை போன்றவை அவை என்றே எண்ணியிருந்தோம்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பு, அவ்வெண்ணம் பிழையென்பதை எமக்கு உணர்த்தியவள் எம் பேத்தி. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த அவள், ஒரு மாலைப்பொழுதில் 'புரோக்பெக் மவுண்டன்' என்னும் படத்தின் இறுவட்டுடன் எம்மிடம் வந்தாள். "அம்மப்பா, உங்களுக்குக் கௌபோய்ப் படம் விருப்பமெல்லே? இருந்து பாருங்கோ" என்றாள். இருந்து பார்த்தோம். ஆடு மேய்க்கும் இரண்டு இளைஞரின் கதை அது. அவ்விருவருக்கும் இடையே உண்டான காதலே கதையின் பொருள். பொருள் இன்னதென்று முன்னரே அறிந்திருந்தால் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்போமோ என்பது ஐயமே. அமர்ந்துவிட்டோம், பின்னர் எழுந்திருக்க மனம் வரவில்லை. பாதிப் படத்தில் அவள் கேட்டாள்: "மனிசரைக் காட்டாமல் ஏன் அம்மப்பா மலையையே காட்டிக்கொண்டிருக்கினம்?"

அக்கேள்விக்கு அவ்வேளையில் விடை கூற எம்மால் இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. உறக்கம் வராமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம். முதலில் பேத்தியின் கேள்விக்கு விடை காண முயல்வோம்.

படமும் கதையும்

அனி புரூ என்னும் அமெரிக்க எழுத்தாளரின் சிறுகதையொன்று 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 'நியூ யோக்கர்' சஞ்சிகையில் வெளிவந்தது. லரி மக்மேட்ரி, டயானா ஒசானா ஆகிய இருவரும் அதனைத் திரைக்கதையாக்கினர். தாய்வானிற் பிறந்தவரான ஆங் லீ படத்தை நெறிப்படுத்தினார். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படம் அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. மறுவருடம் நெறியாள்கை, திரைக்கதை, இசை ஆகிய மூன்றுக்கும் ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. நெறியாள்கைக்கான ஒஸ்காரைப் பெற்ற முதல் ஆசியர் ஆங் லீ என்பதும் குறிப்பிடத்தக்கது.

கதை 1963ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே தொடங்குகின்றது. எனிஸ், ஜக் என்னும் இரு ஏழை இளைஞர் வேலை தேடிச் சிறு பட்டினமொன்றுக்கு வருகின்றனர். எனிஸாக ஹீத் லெட்ஜரும் ஜக்காக ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்துள்ளனர். ஒரு முதலாளியின் ஆட்டு மந்தையைக் கோடைகாலம் முழுவதும் புரோக்பெக் என்னும் மலையில் மேய்த்துக் காப்பது அவர்களுக்குக் கிடைத்த வேலை. அம்மலையிலே ஒரு குளிர்மிகுந்த இரவில் அவர்களுடைய நட்பு வேறொன்றாக மாறுகின்றது. கோடை முடிய இறங்குகின்றனர், பிரிகின்றனர். இருவரும் மணஞ்செய்து பிள்ளைகளையும் பெறுகின்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்கின்றனர். அதன் பின்னர், மீன்பிடிக்கச் செல்வதாக வீட்டிற் கூறிவிட்டு, ஆண்டில் ஓரிரு முறை மலைநாடுகளிற் சந்திப்பதே அவர்களுடைய வாழ்க்கையாகின்றது. இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்கின்றன. இறுதியில் ஜக் இறக்கின்றான், எனிஸ் தனித்திருக்கின்றான். கதை இவ்வளவே.

வயோமிங் மாநிலம் பரப்பளவில் எமது இலங்கையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. 1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநிலம் முழுவதிலும் வாழ்ந்தோர் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் மாத்திரமே. நான்கு இலங்கைகளை விரித்துவிட்டு, அவற்றில் ஒரு நடுத்தர நகரத்து மக்களை மட்டும் தூவியது போன்ற வெளி அது. அவ்வளவு பெரிய நிலத்திலே இருவர் சேர்ந்து வாழ ஒரு சிறு குடிசைக்கும் இடமிருக்கவில்லை என்பதே இப்படத்தின் சோகம்.

மலையில்

படம் விடியற்கருக்கலில் தொடங்குகின்றது. இருண்ட மலைகளின் கீழே ஒற்றை லொறியொன்று விளக்குகளுடன் ஊர்ந்து செல்கின்றது. கிற்றார் ஒன்றின் சில ஒலிகள் மட்டும் கேட்கின்றன. லொறியிலிருந்து இறங்கும் எனிஸ் தன் உடைமைகள் யாவற்றையும் ஒரு கடதாசிப் பையிற் கொண்டுவருகின்றான். இந்தக் கடதாசிப் பையை வாசகர் மறவாதிருப்பாராக. சிறிது நேரத்தில் ஜக்கும் வந்து சேர்கின்றான். முதலாளியின் வாசலிற் காத்துநிற்கும் இருவரும் ஒரு வார்த்தையேனும் பேசுவதில்லை. எனிஸ் தொப்பியின் விளிம்பைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொள்கின்றான். ஜக் முகச்சவரம் செய்யும் பாவனையில் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்க்கின்றான். நேரே பார்க்கத் துணியாத பார்வை தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றது.

பின்னர் மலை வருகின்றது. திரை முழுவதும் பச்சையும் நீலமுமாக விரிகின்றது. வெள்ளாறு ஒன்று மேல்நோக்கிப் பாய்வது போல ஆட்டு மந்தை சரிவிலே ஏறுகின்றது. மனிதர் இருவரும் ஓரத்திற் புள்ளிகளாகத் தோன்றுகின்றனர். கீழே பட்டினத்திற் பேசாதிருந்த எனிஸ் இங்கே பேசத் தொடங்குகின்றான். பெற்றோரை இழந்த கதையைச் சொல்கின்றான். தான் ஒரு வருடத்திற் பேசிய பேச்சினும் இங்கே கூடுதலாகப் பேசிவிட்டதாகத் தானே வியக்கின்றான். அவன் உதடுகளை இறுக்கியே பேசும் இயல்பினன். சொற்கள் அவனுடைய பற்களுக்கிடையே நசுங்கியே வெளிவருவன. அத்தகையவனின் உள்ளத்தை அவன் வாயாற் சொல்லவைப்பது பொருந்தாது. ஆதலால், அவன் சொல்லாதவற்றை நெறியாளர் மலையைக்கொண்டு சொல்விக்கின்றார். பேத்தியின் கேள்விக்கு இதுவே எமது முதல் விடை.

ஆனால், மலை என்றால் சுதந்திரம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. படத்தை ஊன்றிப் பார்ப்போர்க்கு வேறு சில குறிப்புகளும் புலனாகும். மலைக்கு ஏறும் முன்னரே முதலாளி ஒரு நிபந்தனை விதிக்கின்றான். அரசாங்க வனப்பகுதியினர் குறித்த இடத்தில் மாத்திரமே கூடாரம் அடிக்கலாம். ஆனால் அவனுக்கோ ஆட்டைக் காக்க ஒருவன் மந்தையோடு உறங்கவேண்டும். ஆகவே, ஒருவன் சட்டப்படி கீழே கூடாரத்தில் இருக்கவேண்டும். மற்றவன் யார் கண்ணிலும் படாமல், நெருப்பும் மூட்டாமல், மேலே களவாக உறங்கவேண்டும். காதல் பிறக்கும் முன்னரே அந்த மலையில் ஒளிந்து உறங்கும் ஏற்பாடு பிறந்துவிடுகின்றது. ஆட்டுக்காகச் சட்டத்தை மீறுவது முதலாளிக்குத் தவறாகத் தோன்றவில்லை. பின்னாளில் அதே முதலாளிதான் இவ்விளைஞரைக் குற்றவாளிகளாகக் காண்கின்றான்.

இருவரும் கூடிய இரவுக்கு மறுநாட் காலையில் எனிஸ் குதிரையேறி மந்தையிடம் செல்கின்றான். இரவு காவலில்லாத மந்தையில் ஓர் ஆட்டைக் காட்டுநாய் கொன்று வயிற்றைக் கிழித்துப் போட்டிருக்கின்றது. தெளிந்த நீல வானம், பசும்புல், அதன் நடுவே சிவந்து திறந்த உடல். எனிஸ் குதிரைமேல் இருந்தபடி அதனை நெடுநேரம் பார்க்கின்றான். ஒரு சொல்லும் இல்லை. அச்சமும் குற்ற உணர்வும் வருவதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகின்றது. மற்றொரு நாள், இருவரும் வெயிலிற் சட்டையின்றி விளையாடிக்கொண்டிருக்க, தூரத்தே குதிரைமேல் வந்த முதலாளி தொலைநோக்குக் கண்ணாடியால் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். நாம் அதுவரை பரந்த மலையாகக் கண்ட இடம் திடீரென ஒரு கண்ணாடி வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றது. மலை சுருங்கத் தொடங்குவது அக்கணத்திலேதான்.

அறையில்

நாம் இளமையிற் பார்த்த பழைய கௌபோய்ப் படங்களிலும் சொல்ல முடியாத காதல் உண்டு. 1953ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் நெறிப்படுத்திய 'ஷேன்' என்னும் படத்தைப் பெரியோர் பலர் பார்த்திருப்பர். அதுவும் இதே வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் மலைகளின் அடிவாரத்திலே படமாக்கப்பட்டது. அதில் வழிப்போக்கனாக வந்த வீரனுக்கும், அவன் தங்கியிருந்த குடியானவனின் மனைவிக்கும் இடையே ஓர் அன்பு அரும்புகின்றது. இருவரும் அதனை வாய்திறந்து கூறுவதில்லை. இறுதியில் அவ்வீரன் தனியே குதிரையேறி மலைகளை நோக்கிச் செல்கின்றான். தகாத அன்பை மலை தன்னுள் வாங்கி மறைத்துக்கொள்கின்றது, குடும்பம் தப்பிவிடுகின்றது. பழைய படங்கள் பலவற்றில் மலைக்கு உரிய தொழில் இதுவே.

'புரோக்பெக் மவுண்டன்' அந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகின்றது. இங்கே மலையிலிருந்து இறங்குவதோடுதான் துன்பம் தொடங்குகின்றது. புயல் வருவதாகச் செய்தி வந்து, காலத்துக்கு முன்பே இறங்கும்படி முதலாளி கட்டளையிடுகின்றான். இறங்கும் நாளில் இருவரும் விளையாட்டாகத் தொடங்கிக் கைகலந்து, மூக்கில் இரத்தம் ஒழுகச் சண்டையிடுகின்றனர். சொல்லத் தெரியாத பிரிவுத்துயர் அடியாகவும் குத்தாகவும் வெளிப்படுகின்றது. பட்டினத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே விடைபெறுகின்றனர். ஜக்கின் வண்டி சென்றதும், எனிஸ் இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய சந்தொன்றிற் புகுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து விம்முகின்றான், சுவரைக் குத்துகின்றான். வானளாவிய மலையில் நிமிர்ந்து நின்றவனுக்கு இப்போது கிடைத்த இடம் ஒரு சந்து மாத்திரமே.

அதன் பின்பு படத்தின் நிலம் முற்றாக மாறிவிடுகின்றது. தாழ்ந்த கூரைகள், ஒடுங்கிய சமையலறைகள், அழும் குழந்தைகள், சலவைக் கடைக்கு மேலேயுள்ள சிறு வீடு. கதவுச் சட்டங்களும் யன்னற் சட்டங்களும் மனிதரைக் கூறுபோடுகின்றன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜக் வரும் நாளில், எனிஸ் அத்தகையதொரு யன்னலோரத்திலே பொழுதெல்லாம் காத்திருக்கின்றான். நண்பனைக் கண்டதும் படிக்கட்டின் அடியிலே, சுவரோடு ஒடுங்கி அணைத்துக்கொள்கின்றான். வாசற்கதவைத் திறந்த மனைவி அல்மா அதனைக் கண்டுவிடுகின்றாள். கதவை மெல்ல மூடிக்கொள்கின்றாள்.

இவ்விடத்தில் அல்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமற் செல்வது நீதியன்று. அடக்கிவைத்த காதல் அடக்கியவனை மட்டும் சுடுவதில்லை. அவனை நம்பி வந்தவளையும் சுடுகின்றது. மீன்பிடிக்கச் செல்வதாகக் கூறிச் செல்லும் கணவன் ஒரு நாளேனும் மீன் கொண்டுவந்ததில்லை. ஒருமுறை அவள் தூண்டில் நூலின் நுனியில் ஒரு குறிப்பை எழுதிக் கட்டிவைக்கின்றாள். அவன் திரும்பி வந்தபோது அந்தக் குறிப்பு கட்டியபடியே இருந்தது. நூல் தண்ணீரைக் காணவேயில்லை. மலைக்குச் செல்லும் வழியெல்லாம் அவனுக்கு விடுதலை. அவளுக்கோ சமையலறையும் மௌனமும். ஆண்களின் சோகத்தைச் சொல்லவந்த படம் அவளுடைய சோகத்தையும் மறைக்காமற் சொல்லியிருப்பது அதன் நேர்மைக்குச் சான்று.

நிலமும் அலரும்

நிலத்தைக்கொண்டு நெஞ்சைச் சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. எம் முன்னோர் அகப்பொருளை ஐந்திணையாக வகுத்து, மலையாகிய குறிஞ்சிக்குக் கூடலையும், வறண்ட பாலைக்குப் பிரிதலையும் உரிய ஒழுக்கங்களாக்கினர். குறிஞ்சிக்கு யாமமும் கூதிர்காலமும் பொழுதுகள். மலை, நள்ளிரவு, குளிர் என இம்மூன்றும் கூடிய இடத்தில் இருவரைக் கூடவைத்த இப்படத்தை எம் மாணவர்கள் பார்த்தால், திணை இன்னதென்று உடனே கூறிவிடுவர். பாலை என்பது தனிநிலமன்று, குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே அது என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கின்றோம். புரோக்பெக் மலையிற் கண்ட பசுமை படிப்படியாகத் திரிந்து வெறும் சமவெளியாக முடிவதைப் பார்த்தபோது எமக்கு அக்கருத்தே நினைவுக்கு வந்தது. ஆங் லீ தொல்காப்பியம் கற்றவர் என்று நாம் கூறவரவில்லை. மனித நெஞ்சும் நிலமும் உறவுடையன என்பதை எந்நாட்டுக் கலைஞரும் தத்தம் வழியிற் கண்டுகொள்வர் என்பதே எமது கருத்து.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எமது அகப்பாடல்கள் ஆணும் பெண்ணும் கொண்ட காதலையே பாடின. அங்கே களவு கற்பாக மலர வழியுண்டு. ஊரார் அலர் தூற்றினால், அதனையே காரணமாகக் காட்டித் தோழி தலைவனை மணத்துக்குத் தூண்டுவாள். அலர் எழுந்தால் மணம் நெருங்கும். இக்கதையிலோ அலர் எழுந்தால் மரணம் நெருங்குகின்றது. களவு களவாகவே இருபது ஆண்டுகள் கிடந்து மடிகின்றது.

ஜக் ஒரு யோசனை சொல்கின்றான்: சிறியதொரு பண்ணை, சில மாடுகள், இருவரும் சேர்ந்து வாழ ஒரு வீடு. எனிஸ் மறுக்கின்றான். மறுப்பதற்குக் காரணமாகத் தன் பாலியத்து நினைவொன்றைக் கூறுகின்றான். அவனுடைய ஊரில் இரண்டு ஆடவர் சேர்ந்து பண்ணை நடத்தி வந்தனர். ஒருநாள் அவர்களுள் ஒருவரைக் கொடூரமாக அடித்துக் கொன்று வாய்க்காலில் எறிந்துவிட்டனர். எனிஸுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுடைய தகப்பன் அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று அவ்வுடலைக் காட்டினான். வறண்ட புல்வெளி, வாய்க்கால், உடல், தகப்பனின் கை. அந்தப் பிள்ளையின் நெஞ்சில் அன்று ஒரு நிலம் பதிந்துவிட்டது. பின்னர் எத்தனை மலைகளைக் கண்டபோதும் அந்த வாய்க்கால் அவனைவிட்டு அகலவில்லை. அவனைத் தடுத்தது சட்டப் புத்தகமன்று. தகப்பன் காட்டிய அந்த நிலமேயாகும்.

வயோமிங் மாநிலம் இத்தகைய உறவைத் தண்டிக்கும் சட்டத்தை 1977ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. ஆயினும், அனி புரூவின் கதை வெளிவந்து ஓராண்டு கழிந்த 1998 ஒக்டோபரில், அதே மாநிலத்தின் லரமி நகருக்கு வெளியே, மத்தியூ ஷெப்பர்ட் என்னும் 21 வயதுப் பல்கலைக்கழக மாணவரை இருவர் அடித்து, வெளியிலே ஒரு வேலியிற் கட்டிவிட்டுச் சென்றனர். சில நாட்களில் அவர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். சட்டத்தை ஏட்டிலிருந்து அழித்துவிடலாம். மனிதர் மனத்திலிருந்து அலரை அழிப்பது அத்துணை எளிதன்று.

வெள்ளை வீடு

ஜக் இறந்த செய்தி எனிஸுக்கு எவ்வாறு கிடைக்கின்றது தெரியுமா? அவன் ஜக்குக்கு அனுப்பிய தபாலட்டை, பெறுநர் இறந்துவிட்டார் என்னும் முத்திரையுடன் திரும்பி வருகின்றது. ஜக்கின் மனைவியுடன் தொலைபேசியிற் பேசுகின்றான். ரயர் வெடித்ததால் விபத்து நேர்ந்ததென்கின்றாள் அவள். எனிஸின் மனக்கண்ணிலோ, திறந்த வெளியொன்றில் சிலர் ஒருவனை அடித்துக் கொல்லும் காட்சி தோன்றுகின்றது. தன் சாம்பலைப் புரோக்பெக் மலையிலே தூவவேண்டுமென்று ஜக் கூறியிருந்ததையும் அவள் தெரிவிக்கின்றாள். அது உண்மையான இடமென்றே அவள் நம்பியிருக்கவில்லை. குடித்துவிட்டுக் கணவன் கற்பனையிற் கண்ட இடமென்று எண்ணியிருந்தாள். இதிலும் ஒரு விந்தை உண்டு. வயோமிங்கின் தேசப்படத்தில் அப்பெயருடைய மலை உண்மையாகவே இல்லை. அது ஆசிரியர் கற்பித்த மலை. திரையில் நாம் காண்பனவும் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து மலைகளே. உலகின் படங்களில் இடம்பெறாத காதலுக்கு உலகின் படங்களில் இல்லாததொரு மலை.

எனிஸ் ஜக்கின் பெற்றோரைக் காணச் செல்கின்றான். மரமற்ற சமவெளியில் தனித்து நிற்கும் வீடு. உள்ளே வெறுமையான வெள்ளைச் சுவர்கள். தொடக்கத்திற் பச்சையும் நீலமுமாய் இருந்த படம் இங்கே நிறமிழந்து நிற்கின்றது. சாம்பலை மலைக்குக் கொண்டுசெல்லத் தகப்பன் இணங்கவில்லை. குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் என்கின்றான். இறந்த பின்னும் மலைக்குச் செல்ல ஜக்குக்கு அனுமதி கிடைக்கவில்லை.

தாயோ மேல்மாடியிலுள்ள மகனுடைய அறையைப் பார்க்கும்படி எனிஸுக்குக் கூறுகின்றாள். அங்கே அலுமாரியின் மூலையில் இரண்டு சட்டைகளைக் காண்கின்றான். மலையில் இறுதி நாளிற் சண்டையிட்டபோது இரத்தம் படிந்த சட்டைகள் அவை. மலையில் தொலைந்துவிட்டதென்று தான் எண்ணியிருந்த தன் சட்டை, ஜக்கின் சட்டைக்குள்ளே மாட்டப்பட்டிருக்கின்றது. இருபது ஆண்டுகளாக அவன் சொல்லாத சொல்லை அந்தத் துணிகள் சொல்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு இறங்கும் எனிஸிடம், தாய் ஒன்றும் வினவாமல் ஒரு கடதாசிப் பையைக் கொடுக்கின்றாள். ஒரு கடதாசிப் பையுடன் பட்டினத்துக்கு வந்தவன், ஒரு கடதாசிப் பையுடன் திரும்பிச் செல்கின்றான். அவ்வாழ்க்கையில் அவன் ஈட்டியது அவ்வளவே.

இறுதிக் காட்சியில் எனிஸ் சில்லுகள் மேல் நிற்கும் சிறு தகர வீடொன்றில் தனியே வாழ்கின்றான். மகள் தன் திருமணத்துக்கு அழைக்க வருகின்றாள். வேலையைக் காரணங்காட்டித் தயங்கியவன், பின்னர் வருவதாக உடன்படுகின்றான். அவள் சென்றபின் அலுமாரிக் கதவைத் திறக்கின்றான். உட்புறத்தில் அந்த இரண்டு சட்டைகளும் தொங்குகின்றன. இப்போது தன் சட்டையை வெளியிலும் ஜக்கின் சட்டையை உள்ளேயும் அவன் மாற்றி மாட்டியிருக்கின்றான். மேலே ஒரு தபாலட்டை குத்தப்பட்டிருக்கின்றது. அதிலே புரோக்பெக் மலையின் படம். பக்கத்து யன்னலில் வெறும் வயல்வெளி.

திரை கொள்ளாத மலை, முதலில் ஒரு கண்ணாடி வட்டமாயிற்று. பின்னர் மனைவி நம்பாத ஒரு பெயராயிற்று. இறுதியில் உள்ளங்கையளவு அட்டையாயிற்று. இருபது ஆண்டுகளில் அவர்கள் ஒருமுறையேனும் அம்மலைக்குத் திரும்பிச் செல்லவில்லை. "மலையை ஏன் காட்டுகின்றனர்?" என்ற கேள்விக்கு முழு விடை இங்கேதான் கிடைக்கின்றது. அது எவ்வளவு பெரியதாயிருந்தது என்பதைக் கண்ணாற் கண்டவர்க்கே, எவ்வளவு சிறியதாக்கப்பட்டது என்பது விளங்கும். மலையும் உண்மையில் அவர்களைக் காக்கவில்லை. மனிதர் இல்லாத இடமாதலால் அங்கே வாழ முடிந்தது. மனிதர் இல்லாத இடமாதலால் அங்கே தொடர்ந்து வாழவும் முடியவில்லை.

எம் ஊர்க் கடற்கரை

இனி, எமக்கு உறக்கம் வராத காரணத்தைக் கூறுவோம்.

எமக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, எம் ஊர்ப் பாடசாலைக்கு வெளியூர் மாஸ்டர் ஒருவர் மாற்றலாகி வந்தார். பூமிசாஸ்திரம் கற்பித்தார். சோக்கட்டியைக் கையிலெடுத்து, இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். அவ்வழகைப் பார்ப்பதற்காகவே நாம் முன்வாங்கில் இடம்பிடிப்போம். மணமாகாதவர், ஒரு வீட்டின் தெருவறையிற் குடியிருந்தார். விடுமுறைதோறும் மலைநாட்டிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் வருவார். மாலையில் இருவரும் கடற்கரைக்குச் சென்று, இருட்டும்வரை மணலிலிருந்து பேசிக்கொண்டிருப்பர். நாம் கண்டது அவ்வளவே. எவரும் அதற்குமேல் எதனையும் கண்டிலர்.

ஆனால் யாரோ ஒருவர் ஏதோ சொன்னார். மற்றொருவர் சிரித்தார். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதும் அப்பேச்சாயிற்று. எம் நாட்டிலும் ஆங்கிலேயர் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இத்தகைய உறவுக்குத் தண்டனை எழுதிவைத்திருந்தனர். எம் ஊராரில் எவரும் அப்பிரிவை வாசித்தவரல்லர். வாசிக்க வேண்டியதும் இருக்கவில்லை. ஒருநாட் காலையில் பாடசாலை மதிலிலே கரித்துண்டால் எழுதப்பட்ட சில வார்த்தைகள் காணப்பட்டன. மாஸ்டர் வந்தார், நின்று வாசித்தார், ஒன்றும் கூறாமல் வகுப்புக்கு வந்து பாடத்தைத் தொடங்கினார். அன்று அவர் வரைந்த தேசப்படத்தின் கோடு நடுங்கியிருந்தது.

அம்மதிலில் இருந்த வார்த்தைகளுள் சில எம் கையால் எழுதப்பட்டவை.

அதன் பின்னர் அவருடைய சிநேகிதர் வரவில்லை. மாஸ்டரும் கடற்கரைப் பக்கம் சென்றதை எவரும் கண்டிலர். பள்ளிக்கும் தெருவறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மறுவருடம் மாற்றலாகிச் சென்றுவிட்டார். அவ்விருவரும் நண்பர் மாத்திரமோ, அதற்கு மேலோ என்பது எமக்குத் தெரியாது. அலருக்கு உண்மை தேவையுமில்லை. எம் ஊர்க் கடற்கரை மைல்கணக்கில் நீண்டது. அதில் இருவர் அமர்ந்து பேசுவதற்குப் போதிய மணலை நாம் விட்டுவைக்கவில்லை. திரையிலே அந்த முதலாளி தொலைநோக்குக் கண்ணாடியை உயர்த்தியபோது, அதன் பின்னாலிருந்த கண்கள் எம்முடையவை போன்றிருந்தன.

மறுநாள் மாலை பேத்தியை அழைத்து, மலையைப் பற்றி நாம் எண்ணியவற்றைக் கூறினோம். பின்னர், மதிலில் எழுதிய கதையையும் கூறினோம். கூறுவது எளிதாக இருக்கவில்லை. அவள் எம்மைக் கடிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தோம். சிறிது நேரம் பேசாதிருந்தவள், "அந்த மாஸ்டற்ரை பேர் என்ன, அம்மப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பெயரைச் சொன்னோம். அந்த மதிலில் நாம் எழுதியதற்குப் பின்னர், அப்பெயரை எம் வாய் மரியாதையோடு உச்சரித்தது அன்றுதான்.